கூடைப்பந்து பிடிக்கும் என்றேன்

ரோக்கர், சண்டர்லாந்து
நவம்பர் 9, சனிக்கிழமை

அன்புள்ள லியானுக்கு,

உன் மாமியார் நார்மா எழுதுகிறேன். உறையின் மேலிருந்த கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். பிரிக்காமலே தூக்கிப் போட்டிருந்தாலும் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். பிரித்துவிட்டாய் என்றால் முதலில் ஒன்று: துக்கச் செய்தி எதுவும் இல்லை. கார்ல் உயிரோடு இருக்கிறான். எனக்கு முழங்கால் வலி, அவ்வளவுதான்.

உன் பழைய எண்ணுக்கு அடித்தால் யாரோ ஒரு ஆள் எடுத்தார். கிறிஸ்துமஸ் அட்டை அனுப்பும் நோட்டில் உன் அக்காவின் லெர்விக் முகவரி இருந்தது. அதற்குத்தான் அனுப்புகிறேன். காற்று பலமாக அடித்தால் அந்தத் தீவுக்குக் கப்பல் வராதாமே. எப்போது கிடைக்குமோ தெரியவில்லை. அவசரம் ஒன்றும் இல்லை. நடந்ததெல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

இங்கே எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. முனையிலிருந்த மீன் வறுவல் கடையை மூடிவிட்டார்கள், இப்போது அங்கே நகம் அழகுபடுத்துகிறார்கள். பக்கத்து வீட்டு ஈடித்துக்கு இடுப்பு எலும்பு மாற்றினார்கள். ஹோலியின் பழைய வகுப்பு ஆசிரியை என்னைக் கடைத்தெருவில் பார்த்து, பேத்தி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். எனக்கு என்ன தெரியும். ஆனாலும் அப்படித்தான் சொன்னேன்.

கார்லின் சூதாட்டம் தாங்காமல் நீ கிளம்பிப் போன வாரம் தொலைபேசியில் நான் உன்னிடம் கேட்டது நினைவிருக்கிறது. "தண்ணியில விழுந்தவனக் கரையில நின்னு வேடிக்க பாத்துட்டுப் போறவளா நீ" என்று கேட்டேன். "நான் கரையில நிக்கல நார்மா. என் கழுத்தப் புடிச்சுக்கிட்டுத்தான் அவன் முங்குறான்" என்றாய் நீ. நான் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நாம் பேசவில்லை. இரண்டு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது.

நீ போன அடுத்த மாதம், அக்டோபரில், கார்ல் இங்கே வந்துவிட்டான். பழைய அறை, பழைய கட்டில். கட்டிலுக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டு படுத்திருப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையில் உட்கார்ந்து, சூதாட்ட நிறுவனம் எதுவும் தன்னைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று நாடு முழுவதுக்குமான அந்தப் பதிவேட்டில் கைபேசி வழியாகத் தன் பெயரைப் பதிந்தான். நான் பக்கத்தில் இருந்தேன். தடை ஆறு மாதத்துக்கா, ஒரு வருஷத்துக்கா, ஐந்து வருஷத்துக்கா என்று திரை கேட்டது. ஐந்து என்று அழுத்தினான். பிறகு மேசையில் தலை வைத்து அழுதான். நான் தேநீர் போட்டேன். அது முடிந்துவிட்டது என்று நினைத்தேன். உனக்கு அதைச் சொல்லவேண்டும் என்றுகூட இருந்தது. உன்னைத் தோற்கடித்த மாதிரி சொல்லவேண்டும் என்று. உண்மையை எழுதுவதென்றால் அதையும் எழுதத்தானே வேண்டும்.

ஒரு வருஷம் ஒழுங்காகத்தான் இருந்தான். கிடங்கில் சரக்கு தூக்கும் வண்டிகளைப் பழுது பார்க்கும் வேலை, தெரியுமே உனக்கு. வேலைக்குப் போவான், வருவான், குப்பைத் தொட்டியைத் தெருவில் கொண்டு வைப்பான். என் வங்கிக் கிளையை மூடியபோது எல்லாவற்றையும் கைபேசியில் பார்க்கும்படி அவன்தான் அமைத்துக் கொடுத்தான். எனக்கு அதெல்லாம் பழக்கமில்லை. நீயே பார்த்துக்கொள் என்று அவனிடமே விட்டுவிட்டேன்.

இந்த ஜனவரியில் என் பிறந்தநாளுக்கு ஒரு கூடை வந்தது. உண்மையான பிரம்புக் கூடை. பாலாடைக்கட்டி, பிஸ்கட், ஒரு புட்டி ஒயின். "எங்கள் அன்பான நார்மாவுக்கு" என்று அட்டை. யார் அனுப்பியது என்று எழுதவில்லை, ஏதோ மூன்று எழுத்து மட்டும் பொன்னிறத்தில் இருந்தது. கார்லிடம் கேட்டேன். "கடையில கார்டு வெச்சிருக்கேல்லமா, அதுக்கு அனுப்பியிருப்பான்" என்றான். நாற்பது வருஷமாக அந்தக் கடையில் சாமான் வாங்குகிறேன், ஒரு முட்டை இலவசமாகக் கொடுத்ததில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பாலாடைக்கட்டியில் பாதியை ஈடித்துக்குக் கொடுத்து, பிறந்தநாளுக்கு வந்தது என்று பெருமையாகச் சொன்னேன். பிப்ரவரியில் கால்பந்து ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் வந்தது, கண்ணாடி அறையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பார்க்கும் இடம். கார்லும் அவனுடைய மேற்பார்வையாளர் டெரிக்கும் போனார்கள். அதற்கு நான் எதுவும் கேட்கவே இல்லை.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கும் டின் மாட்டிறைச்சியும் பாத்திரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தேன். வீட்டுத் தொலைபேசி அடித்தது. ஜெம்மா என்று ஒரு பெண். ஒரு பந்தய நிறுவனத்தின் பெயரைச் சொன்னாள். அந்தப் பெயரை அதற்கு முன் பேருந்துகளின் பக்கவாட்டில்தான் பார்த்திருக்கிறேன். பிறந்த தேதி கேட்டாள், சொன்னேன். அஞ்சல் எண் கேட்டாள், சொன்னேன். இந்த அழைப்பு பதிவாகிறது என்றாள். பிறகு, "நார்மா, நீங்க நல்லா இருக்கீங்களா? ஒண்ணும் பயப்படாதீங்க. ரூல்ஸ் இருக்கு, நாங்க கேட்டுத்தான் ஆகணும். நீங்க ஆடுறது உங்க சக்திக்குள்ளதான் இருக்கா?" என்று கேட்டாள்.

இப்போது யோசித்தால் அந்த நொடியில் எனக்கு எல்லாமே புரிந்துவிட்டது. பதிவேடு கார்லின் பெயரைத்தான் தடுக்கும், என் பெயரைத் தடுக்காது. என் பெயரில் கணக்கு தொடங்கி, தன் கைபேசி எண்ணைக் கொடுத்தால் பதிவேட்டில் அகப்பட்டுவிடும் என்று வீட்டு எண்ணைக் கொடுத்திருக்கிறான். அந்த நிறுவனத்தின் கணக்கில், பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அறுபத்தேழு வயதுக் கைம்பெண் ஒருத்தி தினமும் விடாமல் பந்தயம் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

அந்த வாரம் கார்லுக்கு இரவு வேலை. மேலே தூங்கிக்கொண்டிருந்தவன், தொலைபேசிச் சத்தம் கேட்டுப் படியில் வந்து நின்றான். காலுறை மட்டும் போட்டிருந்தான். சைகை எதுவும் காட்டவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான், அவ்வளவுதான்.

நான், "ஆமா கண்ணு, நான்தான் ஆடுறேன். தனியா இருக்கேன்ல, பொழுது போகணுமே" என்றேன்.

ஜெம்மா எதையோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. "பெரும்பாலும் துருக்கியில நடக்கிற பெண்கள் கூடைப்பந்து மேலதான் போடுறீங்க, நார்மா" என்றாள்.

"எனக்குக் கூடைப்பந்து ரொம்பப் பிடிக்கும்" என்றேன்.

இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஒரு வாரம் ஓய்வு எடுத்துக்கொள்கிறீர்களா என்றாள். அதுவும் வேண்டாம் என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டாள். "தேங்க்ஸ்மா. சனிக்கிழமைக்குள்ள அந்தக் கணக்க மூடிடுறேன்" என்றான் கார்ல். மேலே போய்ப் படுத்துக்கொண்டான். நான் பாத்திரத்தை அடுப்புக்குள் வைத்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து எடுத்து இருவருக்கும் பரிமாறினேன். நன்றாக இருக்கிறது என்றான்.

அந்தச் சனிக்கிழமை போனது. அடுத்த சனிக்கிழமையும் போனது. கணக்கை மூடினாயா என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. ஏப்ரலில் என் வருமானத்தைக் காட்டும் ஓய்வூதியக் கடிதம் வேண்டும் என்று கேட்டான். எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தேன். அதற்குள் அவனுக்கு மட்டும் இல்லை, எனக்கும் பொய் பழகியிருந்தது. கடையில் வரிசையில் நிற்கும்போது சுவர்த் தொலைக்காட்சியில் ஏதாவது ஆட்டம் ஓடினால் நின்று பார்ப்பேன், மறுபடி அந்தப் பெண் கூப்பிட்டால் சொல்வதற்கு ஏதாவது தெரிந்திருக்க வேண்டும் என்று.

கூப்பிட்டாள். மே மாதம் முதல் வாரம், காலை. கார்ல் எனக்கு எதிரே உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதே ஜெம்மா. முன்பு பேசியதால் ஏதாவது மாறியதா என்று பார்க்கவேண்டும், அதுவும் விதி என்றாள். அதே கேள்விகளைக் கேட்டாள். நானும் அதே பதில்களைச் சொல்ல ஆரம்பித்தேன். நடுவில் நிறுத்தி, "நார்மா, இது என் தாள்ல இல்லாத கேள்வி. கேட்டதுக்கு என்னத் திட்டினாலும் திட்டுவாங்க. கூடைப்பந்துல ஒரு பக்கம் எத்தன பேரு ஆடுவாங்க?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை, லியான். பதினொன்று என்று வாயில் வந்தது. அது கால்பந்து. கார்ல் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கையை விரித்து ஐந்து விரலையும் காட்டினான். இன்னொரு கையில் ரொட்டி இருந்தது. சின்ன வயதில் அவனுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கும்போது நான் விரலைக் காட்டுவேன். இப்போது அவன் எனக்குக் காட்டுகிறான். அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு ஒரு ஆட்டமும் தெரியாது கண்ணு. ஆடுறது என் பையன். பேரு கார்ல் ஹியூட்சன். பதிவேட்டுல இருக்கான், பாத்துக்கோ" என்றேன்.

அவன் மெல்லுவதை நிறுத்தவில்லை. விழுங்கினான். தட்டைக் கழுவி வைத்தான். கோட்டை மாட்டிக்கொண்டு போனான். ஜெம்மா இன்னும் இணைப்பில்தான் இருந்தாள். "பக்கத்துல யாராவது இருக்காங்களா? நீங்க இப்பத் தனியா இருக்க வேண்டாம்" என்றாள். ஓர் உதவி எண்ணைச் சொன்னாள். எரிவாயு ரசீதின் பின்னால் எழுதிக்கொண்டேன். அந்த ஒரு மணி நேரத்துக்குள் கணக்கை மூடிவிட்டார்கள். சொன்ன பிறகு விதி வேகமாகத்தான் வேலை செய்தது.

கார்ல் மூன்று நாள் வீட்டுக்கு வரவில்லை. கைபேசியை எடுக்கவில்லை. கடற்கரைச் சுவர் ஓரமாகக் கலங்கரை விளக்கம் வரைக்கும் நடந்து போவேன், திரும்பி வருவேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த உதவி எண்ணில் ஒரு வேல்ஸ்காரர் பேசினார். பெயர் சொன்னார், மறந்துவிட்டேன். எங்கெல்லாம் போவான், யாரிடம் பேசுவான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். டெரிக்கைக் கூப்பிடச் சொன்னவர் அவர்தான். கிடங்கின் பின்பக்கம் வண்டிக்குள் படுத்திருந்தவனை டெரிக் கண்டுபிடித்து அழைத்து வந்தார். வாசலில் நின்றுகொண்டு, "நாறுறான் நார்மா, மொதல்ல குளிக்கச் சொல்லுங்க" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மனிதரை நன்றியோடு நினைக்கிறேன்.

லியான், இனிமேல்தான் உனக்கு நேராகச் சம்பந்தப்பட்டது. இதை எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன்.

ஹோலி பிறந்ததிலிருந்து அவள் பெயருக்கென்று என் கணக்கில் போட்டு வந்தேனே, பதினெட்டு வயதில் கொடுப்பதற்கு. நீயும் மாதாமாதம் அதில் போட்டாய். ஊரை விட்டுப் போன பிறகும் ஆறு மாதம் போட்டிருக்கிறாய், பதிவைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதில் ஒன்றும் இல்லை. எல்லாம் போய்விட்டது.

மக்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் இடத்தில் ரென்விக் என்று ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியர் இருக்கிறார். பணத்தைத் திருப்பிக் கேட்டு அவர் எனக்காக நிறுவனத்துக்கு எழுதினார். நிறுவனம் தன் கோப்பை அனுப்பியது, தடிமனான கட்டு. என் பெயரில் கார்ல் எழுதிய செய்திகள் அதில் இருந்தன. "நன்றி செல்லம், கூடை அருமை, பாலாடைக்கட்டியை விரும்பிச் சாப்பிட்டேன்." புள்ளி வைக்கும் இடத்தில் புள்ளி வைத்து, ஒரு கிழவி எழுதுவது போலவே எழுதியிருக்கிறான். நான் அவனுக்கு எழுதும் பிறந்தநாள் அட்டைகளைப் பார்த்துப் பழகியிருப்பான் போல.

செப்டம்பரில் நூலகத்து அறையில் கணினித் திரை வழியாக விசாரணை நடந்தது. நடுவர் ஓர் அம்மா, மரியாதையாகத்தான் பேசினார். நிறுவனத்தின் ஆள் ஒலிப்பதிவைப் போட்டார். என் குரலை நானே வெளியிலிருந்து கேட்டேன். எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது தெரியுமா? குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. பின்னால் பாத்திரச் சத்தம் கேட்கிறது. கூடைப்பந்து ரொம்பப் பிடிக்கும் என்று நான் சொன்ன இடத்தில் திரையில் யாரோ இருமினார்கள். சிரிப்பை மறைக்கத்தான் இருமினார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். கைப்பையின் கொக்கி தளர்ந்துவிட்டதே, மாற்றவேண்டும் என்று அப்போது யோசித்துக்கொண்டிருந்தேன்.

முடிவு போன மாதக் கடைசியில் வந்தது. ஒரு பக்கம்தான். கூடையும் டிக்கெட்டும் அனுப்புவதற்கு முன்பே நிறுவனம் என்னை விசாரித்திருக்க வேண்டுமாம். அது தவறுதான், அதனால் மார்ச் அழைப்புக்கு முன் போனதில் ஒரு பங்கைத் திருப்பித் தரவேண்டுமாம். மார்ச்சுக்குப் பின் போனதற்கு நிறுவனம் பொறுப்பில்லை. கேட்கவேண்டியதைக் கேட்டார்கள், நான் பதில் சொல்லிவிட்டேன்.

ஹோலியுடையது ஏப்ரலில் போனது.

ரென்விக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கேக்கணும்னு சட்டம் இருக்கு. கேட்டுட்டாங்க. உண்மையான பதில எந்தச் சட்டத்தாலயும் வாங்க முடியாது, நார்மா. போலீஸுக்குப் போனாலும் வங்கிக்குப் போனாலும் உங்க குரல்தான் முன்னாடி வந்து நிக்கும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான்தான் அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

அந்தப் பங்கு வந்ததும் ஹோலிக்குத் தனியாக ஒரு கணக்கு தொடங்கி, உன் பெயரில், உன் கையெழுத்து இல்லாமல் யாரும் தொட முடியாதபடி போட ஏற்பாடு செய்துவிட்டேன். தாள்களை இதோடு வைத்திருக்கிறேன். போனதை ஈடுகட்டாது. காலையில் ஈடித்தின் மகளுடைய உணவுக்கடையில் பாத்திரம் கழுவப் போகிறேன், அதையும் அதிலேயே போடுவேன். வேண்டாம் என்று எழுதாதே. சும்மா உட்கார்ந்திருப்பதைவிட அது நல்லது.

ஞாயிறு

நேற்று இத்தோடு நிறுத்திவிட்டேன். கை வலித்தது.

கார்ல் செவ்வாய்தோறும் மருத்துவமனையில் நடக்கும், சூதாட்டத்தை விட முயல்பவர்களின் கூட்டத்துக்குப் போகிறான். பொத்தான் வைத்த பழைய கைபேசிதான் வைத்திருக்கிறான். கூட்டம் முடிந்து வந்தால் ஒரு மணி நேரம் தோட்டத்தில் நிற்பான். சண்டை போட மாட்டான், பேசவும் மாட்டான். அந்தக் காலையைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினான். "நீ ஆமானு சொல்லுவேனுதான் நான் நெனச்சேன்மா" என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்றேன்.

நான் உனக்கு எழுதுவது அவனுக்குத் தெரியும். நேற்று மேசையருகே வந்து நின்று, "நான் தேறிட்டேன்னு ஒரு வரி போடுமா. ஹோலிகிட்ட வாரம் ஒரு தடவ பேச விடச் சொல்லு. நீ சொன்னா அவ கேப்பா" என்றான். சரி என்று தலையாட்டினேன். அவன் அந்தப் பக்கம் போனதும் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு வரியை எழுதுவது மிகச் சுலபம்.

எழுத மாட்டேன். தேறிவிட்டானா என்று எனக்குத் தெரியாது. ஆறு மாதம் ஆகிறது, அது மட்டும்தான் தெரியும். அவன் என் பிள்ளை. அவன் விஷயத்தில் என்னைக் கேட்டு எதையும் முடிவு செய்யாதே. கூட்டத்தை நடத்தும் மருத்துவர் பெயரையும் எண்ணையும் உள்ளே வைத்த தாளின் பின்புறம் எழுதியிருக்கிறேன். அவரைக் கேள். ஹோலி பேசலாமா கூடாதா என்பது உன் முடிவு. எதுவானாலும் நான் அவனிடம் சொல்லிக்கொள்கிறேன்.

அவனை மன்னித்துத் திரும்பி வா என்று கேட்கத்தான் முதல் தாளை எடுத்தேன். இவ்வளவு எழுதிய பிறகு கேட்கத் தோன்றவில்லை. நீ போனது சரி. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனதும் சரி. வராதே லியான். அங்கேயே இருங்கள். கதகதப்பாக, வயிறு நிறையச் சாப்பிட்டு, சத்தமாகச் சிரித்துக்கொண்டு இருங்கள். ஹோலிக்கு இப்போது எந்த அளவுச் செருப்பு என்று மட்டும் ஒரு அட்டையில் எழுதிப் போடு. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

உங்கள் இருவருக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நார்மா